பள்ளிக்குள் செடிச்சுவர்: மே விடுமுறையைத் தாண்டுமா?

வரவேற்பறையிலோ நூலகத்திலோ செடிச்சுவர், அதாவது சுவர் முழுக்கச் செங்குத்தாகச் செடி வளர்க்கும் அமைப்பு, வைத்தால் முதல் சில மாதம் எல்லாமே அழகுதான். சோதனை மே மாதத்தில் வருகிறது. பள்ளியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள். டைமர், பம்பு, விளக்கு மூன்றும் நின்றுவிடும். ஃபெல்ட் துணி வகை ஓரிரு நாளில் காய்ந்துவிடும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்பிய தொட்டி வகை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் பள்ளிக்கு அதுவே சரி. டைமர், பம்பு, விளக்கு மூன்றுக்கும் சேர்த்து, மெயினை அணைத்தாலும் ஓடும்படி தனி எம்சிபி (மின் பாதுகாப்பு சுவிட்ச்) போடச் சொல்லுங்கள்.

நனைந்த செடிச்சுவர் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரை இருக்கும். ஜிப்சம் தடுப்பு அதைத் தாங்காது. செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து, சட்டத்துக்குப் பின்னால் ஓரங்குலம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஓதம் ஏறி பெயின்ட் உரியும்.

அதிகத் தொல்லை தண்ணீரில்தான். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு விட்டால் மேலே காயும். வடிநீரும் சேர்ந்து கீழே அழுகும். மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனி வால்வு வைத்து, மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர் (சொட்டுநீர் முனை) போட்டால் சமாளிக்கலாம். போர் தண்ணீரின் உப்பு டிரிப்பரை அடைக்கும், இலை நுனியைக் கருக்கும். 120 மெஷ் (நுண்வலை) ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பை அல்ல. ஆர்ஓ கழிவுநீரை விடலாம் என்பார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு, அதைப் பிடித்துக் கலக்கலாம்.

அடித்தட்டின் வடிகுழாய் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். முக்கால் அங்குலக் குழாயை நாலு இலை அடைத்துவிடும். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதே இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

வகுப்பறைக்குப் போதுமான 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) செடிக்குப் பத்தாது. இலை மட்டத்தில் 1000 லக்ஸாவது, தினம் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். விளக்கைச் சுவரை ஒட்டி மாட்டினால் மேல் வரிசை மட்டும் செழிக்கும்.

மணி பிளான்ட், சிங்கோனியம் இரண்டும் லேசில் சாகாது. ஆனால் இலையைக் கடித்தால் வாய் எரியும். சிறு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன் வைப்பது நல்லது. மண்புழு உரம் உள்ளே வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்தால் குட்டிக் கருப்பு ஈக்கள் பெருகும். வந்துவிட்டால் மஞ்சள் ஒட்டு அட்டை மாட்டி, தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் தரையில் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி தேவைப்படும் என்கிறது 2019-இல் வந்த ஓர் ஆய்வு. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாங்குங்கள், போதும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் பட்டுப்போகும் செடியை மாற்றித் தருவதும், விடுமுறையிலும் ஆள் வருவதும் எழுத்தில் இருக்கட்டும்.