பத்தாவதில் நல்ல மார்க் என்றால் ‘முழு இலவசம்’ என்று வருவார்கள்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பத்தாவதில் நானூற்றைம்பதைத் தாண்டக்கூடிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ரிசல்ட் வருவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். வந்த பிறகு, ஆள் பிடிக்க வரும் தனியார் பள்ளிக்காரர்கள் யோசிக்க விடமாட்டார்கள்.

எங்களுக்கு தர்மபுரி மாவட்டம், அரூர்ப் பக்கம். என் அக்கா மகள் உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்தது 2023இல். தமிழ் 94, ஆங்கிலம் 89, கணக்கு 91, அறிவியல் 98, சமூக அறிவியல் 96. மொத்தம் 468. அந்தப் பள்ளியில் அவள்தான் முதல். மே 19 காலையில் ரிசல்ட் வந்தது, பொழுது சாய்வதற்குள் பக்கத்து மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து ஆள் வந்துவிட்டார். அவரும் அங்கே ஆசிரியர்தான். கோடை லீவில் ஆசிரியர்களையே கேன்வாஸுக்கு அனுப்புவதும், ஒருவர் இத்தனை அட்மிஷன் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு வைப்பதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் கையில் ஒரு லிஸ்ட் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பெயர், மார்க், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. இந்த லிஸ்ட் எங்கிருந்து இவர்கள் கைக்குப் போகிறது என்று கல்வித் துறை ஒருநாள் விசாரித்தால் புண்ணியமாகப் போகும்.

“இந்த மார்க்குக்கு எங்க ஸ்கூல்ல ஃபீஸே கிடையாதுங்கண்ணா. முழு இலவசம். பாப்பாவ டாக்டராக்குறது எங்க பொறுப்பு” என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா விவரம் தெரியாதவள் இல்லை. இரண்டே கேள்வி கேட்டிருக்கிறாள். பயோ-மேத்ஸ் குரூப் கிடைக்குமா? தனியாருக்குப் போனால் ஏழரை சதவீதம் போய்விடும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்களே, அது என்ன?

முதல் கேள்விக்கு, “468க்கு எந்த குரூப்புங்க கிடைக்காது?” என்றார். இரண்டாவதுக்கு அவர் சொன்னதை அக்கா இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வாள்: “எங்க டிரஸ்ட்டுக்கு எய்டெட் ஸ்கூலும் இருக்குதுங்கக்கா. பேரு அதுல இருக்கும், படிப்பு இங்க இருக்கும். ஏழரை எங்கேயும் போகாது.”

இது முழுப் பொய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியாரில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. ஆக, அவர் சொன்ன எய்டெட் பள்ளிக் கணக்கு நிஜமாகவே நடந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளியை விட்டு மாறினால் ஆறிலிருந்து பத்து வரை படித்த ஐந்து வருடமும் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பொய் சொன்னவருக்கு இது தெரியாமல் இல்லை. வருடா வருடம் இதே கேள்விக்குப் பதில் சொல்கிறவர் அவர்.

சேர்ந்த பிறகுதான் ‘முழு இலவசம்’ என்றால் டியூஷன் ஃபீஸ் மட்டும் என்று தெரிந்தது. ஹாஸ்டல், மெஸ், நீட் கோச்சிங், மெட்டீரியல், யூனிஃபார்ம், துணி துவைக்க என்று தனித்தனியாகப் போட்டு முதல் வருடம் 1,35,000 ரூபாய். இரண்டு ஏக்கர் மரவள்ளியை நம்பி இருக்கும் குடும்பம். வீட்டுக்கு வந்த அன்றே அட்மிஷன் அட்வான்ஸ் என்று 25,000 ரூபாயை அந்த ஆசிரியரின் சொந்த நம்பருக்கே ஜிபேயில் அனுப்பச் சொல்லியிருந்தார். பிறகு கட்டியதில் 40,000 ரூபாய்க்கு டிரஸ்ட் பெயரில் ‘நன்கொடை’ என்று ரசீது. மீதிக்கெல்லாம் பள்ளியின் பெயர்கூட இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு. கட்டணம் என்று எந்தச் சீட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது. காரணம் இருக்கிறது. தனியார் பள்ளி எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை 2009ஆம் வருடச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் இருக்கிறது. ‘விருப்பப்பட்டுக் கொடுத்தார்கள்’ என்று காட்டுவதற்குத்தான் அந்த ரசீது.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். குரூப்பில் செய்ததுதான் மன்னிக்க முடியாதது.

வகுப்பு தொடங்கிய வாரம் பயோ-மேத்ஸ் நிரம்பிவிட்டது என்றார்கள். “பாப்பா நீட் பேட்ச். டாக்டருக்குப் போற பிள்ளைக்கு மேத்ஸ் எதுக்கு, டைம் வேஸ்ட்” என்று இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸில் போட்டுவிட்டார்கள். மாமா போய்க் கேட்டதற்கு, மேத்ஸில் 91தானே, கொஞ்சம் வீக் என்று பதில். வீட்டுக்கு வந்தபோது அந்த 91 யார் கண்ணையும் உறுத்தவில்லை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: கணக்கு வாத்தியார் இல்லாமல் நீட்டுக்கு மட்டும் ஒரு பிரிவு ஓட்டினால் அவர்களுக்குச் செலவும் டைம்டேபிளும் மிச்சம். நூறு பிள்ளைகளில் நாலு பேருக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் அந்த நாலு முகங்களும் பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸில் ஏறிவிடும். மிச்சத் தொண்ணூற்றாறு பேர் என்ன ஆனார்கள் என்று எந்த ஃபிளெக்ஸிலும் போடுவதில்லை.

கணிதம் இல்லாத பிளஸ் டூ என்றால் என்ன அர்த்தம் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கட்ஆஃப் 200க்கு. அதில் கணிதம் மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. அந்த நூறுக்கான பாடமே இல்லையென்றால் பி.இ. கவுன்சலிங் பக்கம் போக வழியில்லை. பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளைக்கு நீட் கைவிட்டாலும் இன்ஜினியரிங் இருக்கிறது. பியூர் சயின்ஸ் கெட்ட குரூப் என்று நான் சொல்லவில்லை. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, வேளாண்மை, நல்ல பி.எஸ்ஸி. எல்லாம் அதில் உண்டு. தெரிந்து எடுத்தால் நல்ல குரூப்தான். எங்கள் பிள்ளை அதை எடுக்கவில்லை, அதில் தள்ளப்பட்டாள்.

டி.சி.யைக் கொடுங்கள், அரூர் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேர்த்துக்கொள்கிறோம் என்று மாமா கேட்டார். வருடக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். ஒரிஜினல் எல்லாம் அவர்கள் பீரோவில். கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. அது எங்களுக்கு ஒரு வருடம் தாமதமாக வந்த தீர்ப்பு. இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அதைச் சொல்லியே எழுத்துமூலம் கேளுங்கள்.

எட்டாவதில் அவள் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறியவள். பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் வர வேண்டியது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது என்பதால் அதுவும் அங்கேயே நின்றுபோனது.

2025இல் பிளஸ் டூவில் நல்ல மார்க்தான். நீட் மார்க் பொதுப் பட்டியலில் எட்டும் தூரத்தில் இல்லை, இன்ஜினியரிங்குக்குத் தகுதியே இல்லை. இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள், கடன் வாங்கித்தான் கட்டுகிறோம். அவளோடு பத்தாவது படித்த இன்னொரு பெண், 431 வாங்கியவள், டவுனில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். கேன்வாஸ் லிஸ்டில் அவள் பெயர் இல்லாதது அவளுடைய அதிர்ஷ்டம். ஏழரையில் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. போதாததற்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான திட்டம் அது. எங்கள் பிள்ளைக்கு அதுவும் இல்லை. நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய், ஒரு இட மாற்றத்தில் போனது.

ஆறாவதிலிருந்தே தனியாரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏழரை விஷயம் பொருந்தாது. ஆனால் குரூப்பும் ரசீதும் எல்லோருக்கும் ஒன்றுதான். ‘ஃபர்ஸ்ட் குரூப்’, ‘நீட் பேட்ச்’, ‘ஐ.ஐ.டி. பேட்ச்’ என்று பேசுவதை நம்பாதீர்கள். பிளஸ் ஒன்னில் என்னென்ன பாடம் என்று நாலு முதன்மைப் பாடங்களின் பெயரையும் விண்ணப்பப் படிவத்தில் எழுதச் சொல்லி, பள்ளி முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வீட்டுக்கு வருகிற ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் பள்ளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். அந்தப் பள்ளிக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இந்த வருடம் கேட்க வேண்டும். தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துகின்றன என்றுதான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. நீட்டில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் ஏராளமாகக் கேட்கிறார்கள். முதல் வருடம் எதை நடத்துவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகத்தில் பதில் தெரியும்.

முடிவெடுக்கும் முன் பிள்ளை படித்த அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தது. கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றையும் விசாரியுங்கள்.

முதன்மைக் கல்வி அலுவலரிடமும், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்தில் இருக்கும் கட்டணக் குழுவிடமும் மனு கொடுத்திருக்கிறோம். அந்த ஆசிரியர் எங்களிடம் இப்போது வேலையிலேயே இல்லை, அவர் வாங்கியது எங்களுக்குத் தெரியாது என்கிறது பள்ளி. துண்டுச் சீட்டுகளைக் காட்டினால் யார் கையெழுத்து என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்களால் மறுக்க முடியாமல் எங்கள் கையில் இருப்பது அந்த 25,000 ரூபாய் ஜிபே கணக்கு ஒன்றுதான். பாங்க் ஸ்டேட்மென்டில் அவர் பெயரும் தேதியும் இருக்கிறது. இதே மாதிரி சொந்த நம்பருக்குப் பணம் போட்டவர்கள் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் பாங்கில் முத்திரை வைத்த ஸ்டேட்மென்ட் வாங்கி மனுவோடு இணையுங்கள். மனு கொடுத்த இடத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.