மும்மொழியில் விலை பேசும் புடவைக்கடை

கொழும்பு, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள இந்தப் புடவைக்கடைக்குத் தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகச் சென்றிருந்தேன். உரிமையாளர் முஸ்லிம், விற்பனையாளர்களில் சிங்களவரும் மலையகத் தமிழரும் உள்ளனர். வெசாக்குக்கு வெள்ளைத் துணி, நோன்புப் பெருநாளுக்கு அபாயா, பொங்கலுக்கு வேட்டி, நத்தாருக்குச் சிறுவர் சட்டை எனச் சரக்கு மாறிக்கொண்டேயிருப்பதால், ஒரே பண்டிகையை நம்பியிருக்கும் கடைகளைப் போல ஆண்டின் பாதியை ஈயோட்டிக் கழிக்க வேண்டிய நிலை இதற்கில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காகக் கடை மூடப்படும் என்பதை மறந்து வெயிலில் நின்றது என் தவறுதான்.

கைத்தறிச் சேலைகளின் தரம் நன்று. விலைதான் சுடுகிறது: 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது, இந்தியாவிலிருந்து வரும் துணிக்கு ரூபாயின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்கிறது.

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய நாடு, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழுக்கும் அந்நிலையை அளித்தது. கடையின் பெயர்ப்பலகையும் மும்மொழியில்தான் உள்ளது. ஆயினும் பற்றுச்சீட்டில், வாங்கிய துணியை மாற்றுவதற்கான நிபந்தனை சிங்களத்தில் மட்டுமே அச்சாகியிருந்தது. கேட்டபோது காசாளர் பொறுமையாக விளக்கி, ‘ஏழு நாள்’ எனத் தமிழில் கைப்பட எழுதித் தந்தார்.