சம்பளத்துக்கா, சேவையாகவா? கடலோரக் குடும்பங்களுக்காக வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

சமூகப்பணி படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, தொண்டு நிறுவனத்தில் வேலைக்கே சேர்ந்துவிடலாமா? இல்லை, வேறு வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலராக வரலாமா?" இரண்டையும் செய்து பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பாம்பனில் தேவாலயப் பங்கு அளவில் இயங்கிய ஒரு சிறு குழுவோடு பல வருடம் ஊதியம் இல்லாமல் வீடுவீடாகப் போயிருக்கிறேன். அப்போது பிழைப்புக்கு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் களப்பணியாளர். மாதச் சம்பளம் வாங்குகிறேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை. கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு உண்மையில் உதவ வேண்டும் என்றால் சம்பள வேலைதான் மேல் என்பது என் கட்சி. "சேவைக்குக் கூலியா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறேன். மனநிறைவு இரண்டிலும் ஒன்றுதான். சம்பளம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்; ஜவுளிக்கடையில் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம் இல்லை. சிறிய அறக்கட்டளைகள் பலவும் அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. தன்னார்வலருக்குப் பஸ் செலவு கைக்காசு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான்; தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ வெளியூர் வண்டி பிடித்து வந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

என்னைச் சம்பள வேலைப் பக்கம் தள்ளியது வேறொன்று: வேலை நாள்.

இந்தக் கரையில் ஒரு குடும்பம் எப்படி நொடிந்துபோகிறது என்று பாருங்கள். விசைப்படகில் கூலிக்குப் போகும் ஆண் இறந்துவிடுகிறார். மனைவி கடல்பாசி எடுக்கப் போகிறவர், அல்லது மீன் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்பவர். தன்னார்வலர்களாகிய நாங்கள் அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனோம். அது வேண்டாத உதவி அல்ல. முதல் மாதத்தில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது முழுக்க முழுக்கக் காகிதம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். பிறகு ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு, விதவை உதவித்தொகை, பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு. ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. இவை நடக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் திறந்திருப்பது கோயிலும் மீன்கடையும்தான். தன்னார்வலருக்குக் கிடைக்கும் நாளோ ஞாயிறு.

"எல்லாம் இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடுகிறதே" என்று கேட்கலாம். விண்ணப்பிப்பது முடிகிறது, பின்தொடர்வது முடிவதில்லை. எழுதப் படிக்கத் திணறும் பெண் போய் நிற்கும்போது, கைபேசி எண் கேட்கும் இடத்தில், மையம் நடத்தும் சில கடைக்காரர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவசரம். பிறகு "கூடுதல் ஆவணம் தேவை" என்ற குறுஞ்செய்தி கடைக்காரருக்குப் போகிறது. அவருடைய கைபேசியில் அதுபோல் நூறு செய்தி. அந்தப் பெண்ணோ மனு நிலுவையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். மனு எப்போதோ திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

பாசி எடுக்கும் பெண் ஒரு நாள் தாலுகா அலுவலகம் போனால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அலுவலர் ஆய்வுக்கூட்டத்துக்குப் போயிருந்தால் மறுநாளும் போயிற்று. மூன்றாவது முறை அந்தப் பெண் வரமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. களப்பணியாளராக நான் செய்வதில் பெரும்பகுதி மிகச் சாதாரண வேலை. நான் முதலில் போய், அலுவலர் இருக்கிறாரா, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, எந்தக் காகிதம் குறைகிறது என்று தெரிந்துகொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்கு மட்டும் அந்தப் பெண்ணை வரச்சொல்கிறேன். அதுவும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. திங்கட்கிழமை லீவு கேட்டால் எந்த ஜவுளிக்கடை முதலாளி கொடுப்பார்?

கணக்கையும் பார்த்துவிடலாம். விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கான மாவட்டக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும், கேட்டவுடன் வந்துவிடாது. ஆனாலும் இரண்டும் வந்துவிட்டால் மாதம் 5,200. நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறை கொடுத்த அரிசிப் பையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பை கொடுத்ததற்குப் புகைப்படம் உண்டு. கோப்பு நகர்ந்ததற்குப் புகைப்படம் கிடையாது. நன்கொடையாளர்கள் பையையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடல் கிடைக்காத சாவு இன்னும் கொடுமை. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, ஏழு ஆண்டு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாதிருக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியேதான் இருக்கிறது. அதுவரை அந்தப் பெண் விதவையும் இல்லை, கணவன் உள்ளவளும் இல்லை. காவல்நிலையம், மீன்வளத்துறை, வருவாய்த்துறை என்று அத்தனை கதவையும் வருடக்கணக்கில் தட்ட வேண்டும். இலங்கைச் சிறையில் கணவன் இருக்கும் வீட்டிலும் பாதி இதே அலைச்சல்தான். இதை ஓய்வு நேரத்தில் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், அவர் அந்த வரிசையில் நின்றதில்லை.

சம்பள வேலைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதன் பெயர் மார்ச் 31.

சிறிய அறக்கட்டளைகளின் சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியிலிருந்து வருகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனை வருவாயோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் நிதியாண்டோடு சேர்ந்து வந்து நிதியாண்டோடு முடிகிறது. வெளிநாட்டு நிதியோ, 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனத்திடம் வாங்கிக் கிராமத்தில் வேலை செய்த சின்ன அமைப்புகள் அதில் அடிபட்டன. ஆகவே மார்ச்சில் "திட்டம் முடிந்தது" என்பார்கள். அடுத்தது கையெழுத்தாக ஜூன், ஜூலை ஆகும். இடைப்பட்ட மாதங்களில் களப்பணியாளர் வீட்டில் இருப்பார்.

இந்தக் கரையின் நாட்காட்டியைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் இல்லை. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கைக்கு வருவதற்குள் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியாகிவிடும், வாரக்கடன்காரர் வாசலில் நிற்பார், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். எந்த மாதத்தில் குடும்பங்களுக்கு ஆள் தேவையோ, அந்த மாதத்தில் சம்பள ஆள் இருக்கமாட்டார். கோப்பு பாதியில் நிற்கும். அடுத்து வருபவர் புது ஆளாக இருந்தால், அந்தப் பெண் தன் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டும். தன்னார்வலர்களுக்கு நிதியாண்டு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் எங்களைத் தோற்கடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றிலும் அவர்களுக்கே வெற்றி: இரவு. கடல் விபத்து அலுவலக நேரம் பார்த்து நடப்பதில்லை. உடல் கரைக்கு வரும்போது அங்கே நிற்பவர் அதே ஊர்க்காரர். பதிவு செய்த மீனவர் விபத்தில் இறந்தால் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வு அறிக்கையும் கேட்பார்கள். "அறுக்க விடமாட்டோம்" என்று அழும் வீட்டாரிடம் அந்த நேரத்தில் பக்குவமாக எடுத்துச் சொல்ல, அவர்களோடு உறவு கொண்டாடும் ஒருவரால்தான் முடியும். ராமநாதபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தாண்டி நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி.

உள்ளூர்க்காரர் என்பதே மறுபக்கத்தில் பலவீனமும்கூட. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி கொண்டுவந்து கொடுத்தால் தெருவே பார்க்கும். கந்துவட்டியில் மாட்டியிருப்பதை, கணவன் அடிப்பதை, அதே தெருக்காரரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வட்டிக்கு விட்டவர் அந்தத் தன்னார்வலரின் சித்தப்பாவாகக்கூட இருப்பார். வெளியிலிருந்து வரும் என்னிடம், அடையாள அட்டை தொங்குவதால், கொஞ்சம் தைரியமாகப் பேசுகிறார்கள். நான் தவறினால் எங்கள் அலுவலகத்தில் புகார் சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. தன்னார்வலர் வராமல் போனால் யாரைப் போய்க் கேட்பது?

இரண்டுக்கும் நடுவில் "மதிப்பூதியம்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அரசும் செய்தது, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. மாலையில் தன் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது பொருந்தலாம். ஆனால் தொண்டு நிறுவனங்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு முழுநேர வேலை வாங்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கேள்வி கேட்டால் "நீங்கள் தன்னார்வலர்தானே" என்பார்கள். வேலை குறைந்தால் "காசு வாங்குகிறீர்களே" என்பார்கள். வேலைக்கும் சேவைக்கும் உள்ள கெட்டதை மட்டும் சேர்த்துச் செய்த கஷாயம் அது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை நாள்தான் முக்கியம் என்றால், வேலை நாள் கையில் இருக்கும் தன்னார்வலர் என்னைவிட மேலானவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை எழுத்தர் போன்றவர்கள். எங்களோடு வரும் அப்படிப்பட்ட ஐயா ஒருவருக்கு எந்த மனு எந்தப் படிவத்தில் போக வேண்டும் என்பது மனப்பாடம். அலுவலகத்தில் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். என்னைப் பார்த்தால் "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். ஓய்வூதியம் வருவதால் மார்ச் 31 அவருக்கு வெறும் ஒரு தேதி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் சும்மா இருந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

எனக்கு அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் அகதிகள் முகாமுக்குள் நான் வேலை செய்ததில்லை. 2022 மார்ச்சுக்குப் பிறகு இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி வழியாக வந்த குடும்பங்கள் அங்கே தங்கவைக்கப்பட்டன. வெளியார் நினைத்தபடி உள்ளே போக முடியாது, அனுமதி வேண்டும். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே தங்கள் மக்களுக்காக வேலை செய்கிறார்கள். அங்கே என் ஒப்பீடு பொருந்துமா என்பதை அவர்களிடம் கேட்பதே சரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஜமாஅத்துகளின் பொதுநிதியான பைத்துல்மால் உதவிகளையும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஜகாத் பணம் திட்ட அறிக்கை கேட்காமல் வருடந்தோறும் வருவதால், மார்ச் 31 தொல்லை அங்கே குறைவாக இருக்கலாம் என்பது என் ஊகம். கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 1833இல் பாரிஸில் தொடங்கிய அந்தச் சபையில், இருவர் இருவராக வீடு சந்திக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தனியாகப் போகக் கூடாது என்ற அந்த ஒழுங்கை எங்கள் அறக்கட்டளையிலும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் எங்கே என்கிறார்கள்.

ஆக, இருபத்திரண்டு வயதில் வீட்டுச் சுமை இல்லாமல் இருந்தால் சம்பள வேலைக்கே வாருங்கள். கடையிலோ பள்ளியிலோ நிலையான வேலை இருந்தால் அதை விடாமல் உங்கள் சொந்த ஊருக்குத் தன்னார்வலராக இருங்கள். இரவு அழைப்புக்குப் போங்கள், கோப்புகளை எங்களிடம் தள்ளிவிடுங்கள். சம்பள வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் அங்கே கேட்க வேண்டியவை: ஏப்ரல் மாதச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? நான் நின்றுவிட்டால் என் கையில் இருக்கும் கோப்புகளை யார் எடுத்துக்கொள்வார்? ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவேடு உண்டா, இல்லை எல்லாம் களப்பணியாளரின் கைபேசியில்தான் இருக்கிறதா? முதல் கேள்விக்குத் தடுமாறினாலும் மற்ற இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் சேரலாம். மூன்றுக்கும் சிரித்து மழுப்பினால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.