ஜீப் ஹார்டு டாப்: நாலு ஆளா, செயின் பிளாக்கா?

சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் ஏற்றியாகிவிட்டால், மன்னார்குடிப் பக்கத்தில் ஜீப்பின் ஹார்டு டாப்பை, அதாவது கழற்றி மாட்டக்கூடிய ஃபைபர் கூரையைக் கழற்ற நல்ல நேரம். ஐப்பசி அடைமழைக்கு முன் திரும்பப் போட்டால் போதும்.

நாலு ஆள் முறைக்குச் செலவு டீயும் வடையும்தான். போல்ட்டுகளைக் கழற்றி, மூலைக்கு ஒருவர் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். அதற்கு முன் பின்பக்க வைப்பர் ஒயரைப் பிரித்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. சிக்கல் அப்புறம்தான். தரையில் வைத்தால் ஓர ரப்பரை எலி விடாது, வயல் எலிக்குச் சொல்லவா வேண்டும்! இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்தால் கோடைச் சூட்டில் ஃபைபர் தொய்யும், போல்ட் துளைகள் சேராது. பழைய டயர்களை நெருக்கமாகப் பரப்பி, அதன் மேல் வைப்பது மேல்.

சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை உத்திரத்தில் மாட்டினால் ஒருவரே ஏற்றி இறக்கலாம், இடத்தையும் அடைக்காது. ஆனால் கீற்றுக் கொட்டகை மூங்கிலை நம்பக்கூடாது. இரும்பு உத்திரம் வேண்டும். தேங்காய் நார்க் கயிறு நாளாக நாளாக நைந்துபோகும், நைலான் கயிறு பாரத்தில் நீளும். அகலமான பெல்ட் இரண்டு போடுங்கள். மாதக்கணக்கில் தொங்கப்போகிறது என்றால் தனியாக ஒரு சங்கிலியும் கட்டிவிட வேண்டும்.

சொந்தக் கொட்டகை இருப்பதால் எனக்குச் செயின் பிளாக்தான். வாடகை வீடென்றால் வடையே மலிவு.