கோர் தகட்டுக்கு லேசர் வெட்டு: திருகோணமலைப் பட்டறை ஒன்றின் வேலை எப்படி?

கண்டி வீதிப் பக்கமுள்ள லேசர் பட்டறை ஒன்று, கேற்றும் பெயர்ப்பலகையும் வெட்டுவதோடு இப்போது சிலிக்கன் ஸ்டீல் தகடும் வெட்டிக் கொடுக்கிறது. மோட்டர், ட்ரான்ஸ்போமரின் கோர், அதாவது கம்பி சுற்றும் இரும்புப் பகுதி, இந்தத் தகட்டை அடுக்கித்தான் கட்டப்படுகிறது. மோட்டர் சுற்றுகிறவர்களுக்கும் ட்ரான்ஸ்போமர் கட்டுகிறவர்களுக்கும் இது நல்ல செய்தி. 0.5 மி.மீ. தகட்டில் அளவு பிசகுவதில்லை, மூலைகள் கூராக வருகின்றன, பிசிறும் கைக்குத் தட்டுப்படுவதில்லை. அகலக் கால் (கோரில் கம்பி சுற்றும் தூண்) உள்ள ட்ரான்ஸ்போமருக்கு இந்த வேலையைத் தாராளமாக நம்பலாம். கம்பிப் பள்ளங்களுக்கு இடையே ஒடுங்கிய பல் உள்ள ஸ்டேட்டருக்கு (மோட்டரின் சுழலாத பகுதி) வேண்டாம்.

காரணம் வெட்டு விளிம்பில் இருக்கிறது. லேசரின் சூடு விளிம்பை ஒரு கணத்தில் உருக்கி, உடனே குளிரவைக்கிறது. அதனால் தகட்டுக்குள் உள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அந்தப் பகுதி காந்தமாக மறுக்கும். அதே காந்தப்புலத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் கேட்கும். பஞ்ச் அச்சில் அடித்தாலும் கில்லட்டினில் (தகடு வெட்டும் கத்தி மெஷின்) வெட்டினாலும் சேதம் உண்டு. அங்கே உலோகம் நசுங்கிக் கிழிகிறது, போதாததற்குப் பிசிறும் வருகிறது. பிசிறு அடுத்த தகட்டின் மின்காப்புப் பூச்சைக் கிழித்து இரண்டையும் ஷோர்ட் ஆக்கினால் சுழல் மின்னோட்டம் ஓடிக் கோர் சுடும். 0.5 மி.மீ. தகட்டில் பிசிறு 0.05 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. விளிம்பைக் குறைவாகக் கெடுப்பது வயர் கட் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டுவது). ஆனால் அது மெதுவானது, விலையும் கூட.

விளிம்பின் இரு பக்கமும் 1 மி.மீ. கெட்டது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 40 மி.மீ. காலில் அது 5 சதவீதம், 5 மி.மீ. பல்லில் 40 சதவீதம். சேதம் சில வேளை இதைவிட ஆழமாகவும் போகும். தண்ணீர்ப் பம்ப் மோட்டரின் ஸ்டேட்டரை லேசரில் வெட்டினால் சுமையில்லாத ஓட்டத்திலேயே மின்னோட்டம் ஏறி நிற்பது இதனால்தான். வைண்டிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

கெட்ட விளிம்பை மீட்க ஒரே வழி சூடேற்றல்: நைதரசன் சூழலில் 750 பாகை செல்சியஸ் அளவில் ஒன்று, இரண்டு மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். திறந்த உலையில் வைத்தால் தகடு கருகிச் செதில் கட்டும். பூச்சும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பூச்சு வகைகளில் சி-5 தாங்கும், சி-3 எரிந்துபோகும். இந்தப் பட்டறையில் அப்படியான உலை இல்லை. இது பெரிய குறை, வேலை வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது.

உலை இல்லாமல் ட்ரான்ஸ்போமர் கட்டுவதென்றால் ஃப்ளக்ஸைக் (கோரில் ஓடும் காந்தப் பாயத்தின் செறிவு, டெஸ்லாவில் அளப்பது) குறையுங்கள். 40 × 50 மி.மீ. கோரில், அடுக்கு விகிதம் (அடுக்கில் உண்மையான இரும்பின் பங்கு) 0.95 என்று எடுத்தால், 1.2 டெஸ்லாவுக்கு 230 வோல்ட் பிரைமரியில் (மின்சாரம் உள்ளே வரும் சுற்றில்), 50 ஹேர்ட்ஸில், ஏறக்குறைய 455 சுற்று வரும். 1.0 டெஸ்லாவுக்கு இறங்கினால் 545 சுற்று. கம்பி கூடுதலாகப் போகும். கோரின் ஜன்னலில் (கம்பி அடங்கும் இடைவெளியில்) இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறிய ட்ரான்ஸ்போமருக்கு E, I எழுத்து வடிவில் ஆயத்தமாக அடித்து வரும் ஈ-ஐ தகடே மேல்: அச்சு கூராக இருந்தால் பிசிறு குறைவு, விலையும் குறைவு.

ஓர்டர் கொடுக்கும்போது இவற்றைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். வெட்டு வாயு ஒட்சிசன் அல்ல, நைதரசன். தகடு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அடுக்கி வெட்டினால் விளிம்புகள் உருகி ஒட்டிக்கொள்ளும். தகட்டின் தரக் குறியையும் கேட்டு வாங்குங்கள். எம்400-50ஏ என்றால் 0.5 மி.மீ. தடிப்பு, 1.5 டெஸ்லா, 50 ஹேர்ட்ஸில் கிலோவுக்கு அதிகபட்சம் 4 வோட் இழப்பு. குறியில்லாத தகட்டை எந்த வெட்டாலும் காப்பாற்ற முடியாது.

வெட்டிய விளிம்பில் பூச்சு இருக்காது. நம்மூர் உப்புக் காற்றில், அதுவும் வாடை மாதங்களில், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். தகட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி வாங்குங்கள். அடுக்குமுன் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கட்டி முடித்ததும் வார்னிஷில் தோய்த்து எடுங்கள்.