அட்டையில் சிவப்பு மை: படுவான்கரை நாற்றுமேடை ஒன்றைப் பற்றி

பாடசாலை வளவில் நடுவதற்கு உள்நாட்டு மரக்கன்றுகள் தேடியபோது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு குடும்பத்தினர் நடத்தும் நாற்றுமேடைக்குக் கடந்த மாரிக்காலத்துக்கு முன்பு இருமுறை போயிருந்தேன். கருங்காலி, முதிரை, பாலை, வீரை ஆகியவற்றோடு வாவிக்கரைக்குரிய திப்பரத்தையும் அங்கே கிடைக்கிறது. ஒவ்வொரு பையிலும் தாவரத்தின் பெயரையும், அது அழிந்துபோகக்கூடிய அபாயம் எவ்வளவு என்ற தரத்தையும் சிவப்பு மையால் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். வேறெங்கும் நான் காணாத அந்த அட்டைதான் என்னை அங்கு இழுத்தது. என் குறையும் அதைப் பற்றியதே.

கன்றுகள் தரமானவை. வாங்கிய 40இல் 37 பிழைத்துள்ளன. விதை எந்தக் காட்டில், எத்தனை தாய்மரங்களில் பொறுக்கப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார்கள்; பாலை விதைக்கு உன்னிச்சைப் பக்கத்தில் பல மரங்களைக் குறித்திருந்தார்கள். ஒரே மரத்தின் பிள்ளைகளால் வளவை நிரப்பாதிருக்க விரும்புவோருக்கு இக்கொப்பி பெரிய உதவி.

திப்பரத்தை அட்டையில் 'மிக ஆபத்தான நிலை' என்றிருந்தது. வரிசையின் ஓரத்தில் நின்ற கன்று ஒன்று இலைக்கக்கத்தில் சிறிய வெள்ளைப் பூக்கள் விட்டிருந்தது. ஆனால் இலங்கையின் தேசியச் சிவப்புப் பட்டியலில், அதாவது அழியும் அபாயத்தை இனவாரியாகத் தரப்படுத்தும் பட்டியலில், அத்தரம் பெற்றிருப்பது, இதற்கு நெருங்கிய உறவான, கிளை நுனியில் சிவப்பாகப் பூக்கும் வேறோர் இனம். அது தென்மேற்கே மாதுகங்கைப் பக்கத்துக்குரியது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) உலகப் பட்டியலில் அதே சிவப்புப் பூ இனத்துக்குக் கவலைக்குரிய நிலை இல்லை, ஏனெனில் இந்நாட்டுக்கு வெளியே அது பரவலாக வளர்கிறது. வெள்ளைப் பூ இனமோ நமது வாவிக்கரையில் காணக்கூடியது. நாற்றுமேடைக்காரரிடம் கேட்டேன். "புத்தகத்துல கிடந்தத அப்பிடியே எழுதின நாங்க, தம்பி" என்றார்.

இது எழுத்துப்பிழையாக ஒதுக்கக்கூடியதன்று. முதிர்ந்த தாவரங்கள் 50க்கும் குறைவாக எஞ்சியிருத்தல், அல்லது பரம்பல் 100 சதுர கிலோமீற்றருக்குள் சுருங்கி, துண்டுபட்டும் தொடர்ந்து தேய்ந்தும் வருதல் போன்ற அளவுகோல்களில் ஏதேனும் ஒன்று பொருந்தினால்தான் ஓர் இனம் அந்தத் தரத்தைப் பெறுகிறது. அட்டையை நம்பி வாங்குபவர், கரையில் தானாகவே முளைப்பதற்குப் பணம் கொடுத்துவிட்டு, அரிய இனமொன்றைக் காப்பாற்றியதாக எண்ணியிருப்பார்.

முதிரை அட்டையின் சிக்கல் வேறு. உலகப் பட்டியலில் 1998இல் அதற்கு 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற தரம் கிடைத்தது. அது 1994ஆம் ஆண்டு விதிகளின்படியானது, இன்றைய விதிகள் 2001இல் வந்தவை. அட்டையில் ஆண்டுமில்லை, எந்தப் பட்டியல் என்பதுமில்லை. ஆண்டில்லாத தரம் எவ்வளவு வழுக்கும் என்பதற்குக் குருடியா சைலானிக்கா போதும்: 2012ஆம் ஆண்டுத் தேசியப் பட்டியலில் அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்ட அம்மரம் 2019இல் கம்பஹாவில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது.

கன்றுக்காக இந்நாற்றுமேடைக்குத் தாராளமாகப் போகலாம். வாகனம் நீங்களே கொண்டுபோக வேண்டும். தரத்தைப் பார்த்து இனத்தைத் தெரிவு செய்வோர் 2020ஆம் ஆண்டுத் தேசியச் சிவப்புப் பட்டியலைப் புரட்டிவிட்டுச் செல்லுங்கள். நான் இரண்டாம் முறை போனபோது திப்பரத்தை அட்டைகளில் தரத்தைக் குறித்த சிவப்பு வரியை வெட்டியிருந்தார்கள். முதிரை அட்டை மாறவில்லை.