பட்டிமன்றமா, சட்டகக் கட்டுரையா, டூல்மினா? வாதம் எழுதப் பழக எது கைகொடுக்கும்?

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளிடம் "ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதிட்டுக் கட்டுரை எழுதி வாருங்கள்" என்று சொன்னால், மதுரைப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரண்டு வழிகள் தெரிந்திருக்கும். ஒன்று, பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் குறிப்புச் சட்டகம்: முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை. இன்னொன்று, திருவிழா மேடையிலும் பொங்கல் தீபாவளி டிவியிலும் கேட்டு வளர்ந்த பட்டிமன்றம். கல்லூரிக்கு வந்தபின் மூன்றாவதாக, ஒரு வாதத்தை ஆறு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் டூல்மின் மாதிரி வந்து சேரும். மூன்றில் எதைப் பிடித்துக்கொண்டால் எழுத்து தேறும் என்று பார்க்க, மூன்றுக்கும் ஒரே தலைப்பைக் கொடுப்போம்: மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரலாமா?

2024 நவம்பரில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. முடிந்த கதைதானே என்று தோன்றலாம். பயிற்சிக்கு முடிந்த கதைதான் வசதி. இரண்டு தரப்பும் என்ன சொன்னது என்று நாளிதழைப் புரட்டினால் கிடைத்துவிடும்.

சட்டகக் கட்டுரையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'இயற்கை இறைவனின் கொடை' என்று தொடங்கும். அந்தப் பகுதியில் இருக்கும் அரிட்டாபட்டி கிராமத்தின் சிறப்பு, சுரங்கத்தின் தீமைகள், நமது கடமை என்று தலைப்புகள் வரும். நடுவில் ஔவையாரின் 'வரப்புயர' வந்துவிடும். பத்தி பிரிக்கவும், சொன்னதையே திரும்பச் சொல்லாமல் நகரவும் இது பழக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கட்டுரைக்குள் எதிராளி என்று ஒருவர் தலைகாட்டவே மாட்டார். சுரங்கம் வேண்டும் என்பவர் படித்தாலும் "நல்லா எழுதியிருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டு, தன் கருத்தை மாற்றாமல் எழுந்து போவார்.

பட்டிமன்றத்தில் எதிராளி மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதுதான் அதன் பலம். அடுத்து பேசுகிறவர் எதைப் பிடித்து மடக்குவார் என்று யோசிக்காமல் அங்கே வாயைத் திறக்க முடியாது. அந்த மேடையை வீடுவீடாகக் கொண்டுபோன சாலமன் பாப்பையா (2021 பத்மஸ்ரீ) மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இந்த ஊருக்கும் வாதத்துக்கும் உள்ள உறவை வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல், பேச்சைக் காகிதத்தில் இறக்கும்போது வருகிறது. சான்று பலவீனமாக இருக்கிற இடத்தில் மேடைப் பேச்சாளர் ஒரு ஜோக் சொல்லித் தாண்டிவிடுவார். காகிதத்தில் கைதட்டல் விழாது. அந்த ஓட்டை அப்படியே தெரியும். தலைப்பும் எப்போதும் 'இதுவா, அதுவா'தான். வேலைவாய்ப்பா விவசாயமா என்று பிரித்துவிட்டால், 'வேலை வேண்டும், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம்' என்பவருக்கு எந்த அணியிலும் நாற்காலி இல்லை. அப்புறம் தீர்ப்பு. அதை நடுவர் சொல்லிக்கொள்வார் என்ற பழக்கத்தில், பிள்ளைகள் கட்டுரையிலும் இரண்டு பக்கத்தையும் அடுக்கிவிட்டு 'முடிவு மக்கள் கையில்' என்று நழுவுகிறார்கள். நான் திருத்தும்போது அதிகம் சிவப்பு மை வாங்குவது இந்த வரிதான்.

ஸ்டீபன் டூல்மின் பிரிட்டிஷ் தத்துவவாதி. 1958-இல் தன் மாதிரியை முன்வைத்தபோது அவர் கட்டுரை வகுப்பை மனதில் வைத்திருக்கவில்லை. தர்க்கவியலாரோடுதான் அவருக்குச் சண்டை. அமெரிக்கப் பேச்சு, எழுத்து ஆசிரியர்கள்தான் அதை வகுப்பறைக்கு இழுத்து வந்தார்கள். ஆறு உறுப்புகள்: கூற்று, சான்று, சான்றையும் கூற்றையும் கட்டும் இணைப்பு, இணைப்புக்கு ஆதாரம், 'எந்த அளவுக்கு' என்ற வரம்பு, 'எப்போது செல்லாது' என்ற விதிவிலக்கு. இதில் இணைப்பைத்தான் யாரும் எழுதுவதில்லை. எழுதாமலே எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் தலைப்பில் பொருத்திப் பார்ப்போம். கூற்று: ஏலம் விட்ட நிலப்பகுதியில் (சுரங்கத் தொகுதியில்) சுரங்கமே கூடாது. சான்று: அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இணைப்பு: அப்படி அறிவித்த இடத்தைத் தோண்டக் கூடாது. இதுவரை திடமாகத்தான் இருக்கிறது. இப்போது விதிவிலக்கு. ஏலம் விட்ட தொகுதி 2,000 ஹெக்டேருக்கும் மேல். பாரம்பரியத் தலம் முழுக்க அதற்குள் விழுந்தாலும் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. "சரி, அதை விட்டுவிட்டு மிச்சத்தில் தோண்டுகிறோம்" என்று ஒருவர் சொன்னால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

இது கற்பனை எதிராளி இல்லை. 2024 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம், பல்லுயிர்ப் பகுதியை ஒதுக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டது. மேலூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, முழுசாக ரத்து செய் என்றார்கள். அவர்களுடைய பேச்சில் அழகர் மலைக் காட்டோடு பெரியாறு பாசன வயலும் ஊர்க் கோயிலும் குடியிருப்பும் இருந்தன. ஆக, 193 ஹெக்டேரை மட்டும் நம்பி எழுதிய பிள்ளையின் சான்று நிறுவுவது ஒரு சின்னக் கூற்றைத்தான். ஒன்று, கூற்றைச் சுருக்க வேண்டும். இல்லையென்றால் பாசனத்தைப் பற்றித் தேடிப் படித்து வேறு சான்று கொண்டுவர வேண்டும். சட்டகமோ மேடையோ இந்த இடத்துக்கு அவரைக் கூட்டி வந்திருக்காது.

டூல்மினிடமும் குறை இல்லாமல் இல்லை. ஆறு உறுப்பையும் ஆறு உட்தலைப்பாகப் போட்டு எழுதி நீட்டுகிற பிள்ளைகள் உண்டு. அது பழைய சட்டகமே புதுச் சட்டை போட்டு வந்த மாதிரி. ஆறும் வரைவு நோட்டில் இருக்க வேண்டியவை, கட்டுரையில் தலைப்பாக வர வேண்டியவை அல்ல. எதிர்வாதத்தை எங்கே, எந்தத் தொனியில் வைப்பது என்பதற்கும் டூல்மினிடம் பதில் கிடையாது. அதற்கு நான் நன்னூலுக்குப் போவேன். அதை எழுதிய பவணந்தியார் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று ஒன்று உண்டு. பிறர் கருத்தை முதலில் தனதாக ஏற்று நடந்து, பிறகு அதைக் கழிப்பது. 'மிச்சத்தில் தோண்டலாமே' என்பதை ஒரு முழுப் பத்திக்கு, சுரங்கம் கேட்பவரே "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும்படி எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பாசனக் கால்வாயைக் கொண்டுவாருங்கள்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் ஓட்டு டூல்மினுக்கு. வசதி இருந்தால், எழுதுமுன் வகுப்பில் ஒரு மணி நேரம் பட்டிமன்றம் வைப்பேன். ஆனால் சுரங்கம் வேண்டாம் என்பவரை வேண்டும் அணியில் உட்கார வைத்து, நடுவர் இல்லாமல். சட்டகத்தைத் தூக்கிப் போட வேண்டாம்; செமஸ்டர் தேர்வில் அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் நிரப்ப அதுதான் தோது.